பெயர் ஒட்டாத ஜெபம்

சிட்டு வாயைத் திறக்கவில்லை.

அந்த வீட்டில் பொழுது சாய்ந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், குடும்ப ஜெபம். கூடத்தில் பாய் விரித்து நான்கு பேரும் உட்காருவார்கள். கடைக்குட்டி தொடங்கவேண்டும், வயது வரிசையில் ஏறிக்கொண்டே போய் அப்பா முடிக்கவேண்டும். மூன்று வயதுத் தம்பிக்கு வீட்டில் தடியன் என்று பெயர். தனக்குத் தெரிந்த இரண்டு மூன்று சொற்களைச் சொல்லி, "ஆமென்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தி, தன் வேலையை முடித்துவிட்டான். அடுத்து ஆறு வயதுச் சிட்டு. கண்ணை இறுக மூடியிருந்தாள். உதட்டையும் இறுக மூடியிருந்தாள்.

"சிட்டு, சொல்லும்மா" என்றாள் அம்மா.

சிட்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"தூக்கம் வருதா?"

"இல்ல."

"யார் மேலயாவது கோவமா?"

"இல்ல. நீ சொல்லும்மா."

அம்மா சொன்னாள். அப்பா முடித்தார். ஒரு நாள் என்றால் பரவாயில்லை. மறுநாளும் இதே கதை, அதற்கு மறுநாளும் இதே கதை. மற்ற நேரமெல்லாம் மூச்சுக்கு முன்னூறு கேள்வி கேட்கும் பிள்ளை, பாயில் உட்கார்ந்ததும் வாயில் பூட்டுப் போட்டதுபோல ஆகிவிடுவாள்.

"விடு. தானா சொல்வா" என்றார் அப்பா. அவர் எலக்ட்ரீஷியன். ஒரு கடையின் பெயர்ப்பலகைக்கு விளக்கு மாட்டும்போது ஏணி சறுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தார். இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்ததால் சட்டையெல்லாம் கறை. "என் கை கூடினதும் அவ வாயும் திறந்துடும், பாரு."

அம்மாவால் அப்படி விட முடியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவள் சின்ன வயதிலிருந்தே கூச்சக்காரி. வகுப்பில் பதில் தெரிந்தாலும் கை தூக்கமாட்டாள். கடையில் பாக்கிச் சில்லறை குறைந்தாலும் கேட்கமாட்டாள். வாய்விட்டுப் பேச அவளுக்கு இருந்த ஒரே இடம் ஜெபம்தான். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு, அன்று நடந்த அவமானத்தையெல்லாம் ஆண்டவரிடம் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் தூங்குவாள். அந்த ஒன்று இல்லாமல் தான் எப்படி வளர்ந்திருப்போம் என்று அவளுக்கு இன்றும் நினைத்துப் பார்க்கத் தெரியாது. பிள்ளைகளுக்கு வேறெதைக் கொடுக்க முடிகிறதோ இல்லையோ, அதைக் கொடுத்துவிடவேண்டும் என்று இருந்தாள். இப்போது அந்தக் கதவையே பெண் உள்ளிருந்து சாத்திக்கொண்டுவிட்டாள்.

இத்தனைக்கும் சிட்டுவின் ஜெபம் சாதாரண ஜெபம் இல்லை. அது ஒரு தனிக் கதை.

அம்மாவுக்கு மருத்துவமனை லேப்பில் வேலை. வார்டிலிருந்து வரும் ரத்தக் குழாய்களை ஜன்னலில் வாங்கி, லேபிளைப் பார்த்து, பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். பள்ளி விடுமுறையில் ஒருநாள் சிட்டுவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கூடவே கூட்டிப்போயிருந்தாள். சிட்டு மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டு பையன் ஒருவன் லேபிள் இல்லாத குழாயோடு வந்து ஜன்னலில் கெஞ்சினான்.

"ஜன்னலோரக் கட்டில் பெரியவரோடதுதான் அக்கா. சத்தியமா. நானே கையில பிடிச்சுக் கொண்டுவந்தேன்."

"பேர் எங்க?"

"அதான் சொல்றேனே..."

"நீ சொன்னா ஆச்சா? பேர் இல்லன்னா யாரோடதுன்னு நான் எடுத்துக்கிறது? கொண்டுபோ. புதுசா எடுத்து, பேர் ஒட்டிக் கொண்டுவா."

கூச்சக்காரிக்கு அந்த ஜன்னலில் மட்டும் எங்கிருந்துதான் குரல் வருமோ! பையன் முணுமுணுத்துக்கொண்டே போனான். சிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதெல்லாம் சிட்டுவின் ஜெபம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். எல்லாருக்கும் எல்லாம் கொடுங்க, ஆமென், அவ்வளவுதான். அடுத்த நொடி சாப்பாட்டுத் தட்டில் இருப்பாள். அம்மாவுக்கு அது குறையாகவே பட்டுக்கொண்டிருந்தது. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது, உதாரணம் வாகாகக் கிடைத்தது என்று சொல்லிவைத்தாள்.

"பாத்தியா? பேர் இல்லாத குழாயைத் திருப்பி அனுப்பிட்டேன்ல? ஜெபமும் அப்படித்தான். சும்மா எல்லாருக்கும்னு சொல்லிட்டு ஓடக்கூடாது. யாருக்கு, என்ன வேணும்னு பேர் சொல்லிக் கேக்கணும்."

சிட்டு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் ஜெபம் ரயில்போல நீள ஆரம்பித்தது.

"இயேசப்பா, கீழ் வீட்டுத் தையல்கார மாமாவுக்கு முழங்கால் வலி. இடது முழங்கால். படி ஏறும்போது வலிக்குது, இறங்கும்போது வலிக்கல. அந்த ஏறும்போது வலிக்கிறது போகணும். மாடி வீட்டு அக்காவுக்குப் பரீட்சை. கணக்குப் பரீட்சை. மத்ததெல்லாம் முடிஞ்சிடுச்சு..."

"டாக்டர்கிட்டகூட ஜனங்க இவ்வளவு விவரம் சொல்றதில்ல" என்று அப்பா காதோரம் கிசுகிசுப்பார். சாப்பாடு ஆறிப்போகும். தடியன் நடுவிலேயே நாலு ஆமென் போட்டுப் பார்ப்பான், எடுபடாது. ஞாயிறு பள்ளி டீச்சர், "பெரியவங்களுக்கே இப்படி வராது" என்று எல்லார் முன்னாலும் சொன்னபோது அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல், புடவை முந்தானையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

அப்பேர்ப்பட்ட பிள்ளைதான் இப்போது வாயைத் திறக்கவில்லை.

லேப்பில் கூட வேலை பார்ப்பவளுக்கு ஊசிக்காரி என்று பெயர். ரத்தம் எடுப்பது அவள் வேலை, பேச்சும் ஊசிதான். அவளிடம் மட்டும் அம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கா முகத்தை இப்படித் தூக்கி வச்சிருக்கே? ரிப்போர்ட் ஏதோ மோசமா வந்துடுச்சுன்னு பயந்துட்டேன்" என்றாள் ஊசிக்காரி. "கையை நீட்டாத பிள்ளைங்களுக்கு நாம என்ன பண்றோம்? நட்சத்திர ஸ்டிக்கர் காட்றோம். நீட்டுதா இல்லையா? ஒரு அட்டை எடுத்துட்டுப் போ."

"ஜெபத்துக்கு லஞ்சமா?"

"உனக்கு ஜெபம் வேணுமா, நியாயம் வேணுமா?"

அம்மா வெட்கத்தோடு ஓர் அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நடந்தது கூத்து. ஜெபம் பண்ணினால் ஸ்டிக்கர் என்று தெரிந்ததும் தடியன் விழித்துக்கொண்டான். "அப்பா கை, ஆமென்" என்றான். நெற்றியில் ஒன்று வாங்கினான். "பூனை, ஆமென்", கன்னத்தில் ஒன்று. "பால், ஆமென். சோப்பு, ஆமென். கதவு, ஆமென்." முகம் முழுக்க நட்சத்திரம். அப்பாவுக்குச் சிரிப்பை அடக்கமுடியாமல் மாவுக்கட்டு குலுங்கியது.

"இவனை நிறுத்து. விடிய விடியப் பண்ணுவான் போலிருக்கே."

சிட்டு சிரிக்கவில்லை. ஸ்டிக்கரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பியின் ஒவ்வொரு ஆமெனுக்கும் அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. கடைசியில் அவன் கையைப் பிடித்து, "போதும்டா, போதும்டா" என்றாள், அழுகிற குரலில்.

பொறாமை என்று அம்மா நினைத்தாள். அதற்காக அன்று ஒரு அதட்டலும் போட்டாள். ஆனால் படுத்த பிறகு அந்த முகம்தான் கண்ணுக்குள் நின்றது. லேப்பில் ஊசியைக் கண்டு பயப்படும் பிள்ளைகளின் முகம் அவளுக்குத் தெரியும். அதுதான் இது. ஜெபத்தைக் கண்டு இவள் எதற்குப் பயப்படவேண்டும்? ஆண்டவரைக் கண்டே பயமா? அப்படி என்ன சொல்லி வளர்த்துவிட்டோம்?

சனிக்கிழமை காலை. பள்ளி இல்லை, அம்மாவுக்கும் விடுமுறை. சமையலறையில் அவள் ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அப்பா மாவுக்கட்டைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். பிள்ளைகள் மேசையில். பாலைக் குடிக்குமுன் தடியன், பழக்கதோஷமோ ஸ்டிக்கர் ஆசையோ, கைகளைக் கூப்பிக்கொண்டு, "இயேசப்பா..." என்று ஆரம்பித்தான்.

அடுத்த நொடி ஒரே அலறல். தம்ளர் உருளும் சத்தம். அம்மா ஓடிவந்தாள். மேசையெல்லாம் பால். சிட்டு தன் கையை உதறிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் பல் தடம்.

"கடிச்சுட்டான்!"

"வாயை மூடிட்டா!" என்று தடியன் அதைவிடப் பெரிதாகக் கத்தினான். "என் வாயை மூடிட்டா!"

"ஜெபம் பண்ற பிள்ளை வாயை ஏன்டி பொத்தின?" அம்மாவின் குரல் அவளையும் மீறி லேப் ஜன்னல் குரலாக வந்தது. "நீயும் பண்ண மாட்டே, அவனையும் பண்ண விடமாட்டியா?"

"அவன் பண்ணக்கூடாது!"

"ஏன்?"

"அவனுக்கு மூணு பேர்தான் தெரியும்!" சிட்டுவின் உதடு கோணிக்கொண்டது. "மத்தவங்க பேரெல்லாம் விட்டுடுவான். விட்டுட்டா அவங்களுக்கு அடிபடும்."

அம்மாவுக்குப் புரியவில்லை. "யாருக்கு அடிபடும்?"

"அப்பாவுக்கு அடிபட்டுச்சுல்ல?"

சொல்லிவிட்டு சிட்டு அழ ஆரம்பித்தாள். அது கடிபட்ட அழுகை இல்லை. நாள்கணக்காக உள்ளேயே கிடந்த அழுகை. தேம்பலுக்கு நடுவே துண்டு துண்டாக வந்தது. அப்பா விழுவதற்கு முந்தின சாயங்காலம் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாளாம். தையல்கார மாமா முடிந்து, மாடி வீட்டு அக்கா முடிந்து, டீச்சர் முடிந்து, அப்பாவைக் கடைசியாக வைத்திருந்தாளாம். அதற்குள் தடியன் உட்கார்ந்த இடத்திலேயே பாயை நனைத்துவிட்டான். எல்லாரும் எழுந்து ஓடினார்கள். பாயை அலசினார்கள், அவனை அலசினார்கள். பிறகு சாப்பாடு. அப்பாவின் பெயர் போகவேயில்லை.

"மறுநாள் அப்பா விழுந்துட்டாங்க" என்றாள் சிட்டு. "நீதானே சொன்னே, பேர் இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பால் சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

"அதனாலதான் ஜெபமே வேண்டாம்னு இருந்தியா?"

சிட்டு மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "யாரையுமே சொல்லலைன்னா யாரையும் விட்டுட்ட மாதிரி ஆகாதுல்ல?"

இத்தனை நாளாக இந்தப் பிள்ளை ஊரிலுள்ள அத்தனை பேரையும் தன் தலைமேல் சுமந்துகொண்டு, ஒருவரும் கீழே விழாமலிருக்க வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதைச் சுமக்கக் கொடுத்தது யார்? ஒரு பஸ் பயணத்தில், போகிற போக்கில், தான்தான். ஆனால் அதே நொடியில், சொல்லவே கூச்சமாயிருக்கிறது, அம்மாவுக்கு உடம்பெல்லாம் ஒரு நிம்மதியும் பரவியது. பிள்ளைக்கு ஆண்டவர்மேல் வெறுப்பில்லை. ஜெபம் கசந்துவிடவில்லை. தன் அம்மாவின் பேச்சை அச்சுப் பிசகாமல் நம்பியிருக்கிறாள், அவ்வளவுதான். இதைச் சரிசெய்யலாம்.

அவள் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"சிட்டு, இங்க வா. நான் ஏன் விழுந்தேன்னு சொல்லவா? யாருக்கும் சொல்லாத விஷயம்." அவர் அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். "ஏணி காலுக்கடியில ரப்பர் இருக்கும்ல? அதுல ஒரு பக்கம் ரப்பர் பிஞ்சு ரொம்ப நாளாச்சு."

"என்னது?" என்றாள் அம்மா.

"இரு, பிள்ளைகிட்ட பேசிட்டிருக்கேன். அன்னைக்குத் தரையும் ஈரம். கூட வந்தவன், அண்ணே இந்த ஏணி வேண்டாம்னான். எனக்குத் தெரியாதாடான்னு ஏறிட்டேன். சறுக்கிடுச்சு."

"தானா சறுக்கிடுச்சுன்னு சொன்னீங்க!"

"தானாதான் சறுக்கிச்சு. ரப்பர் இல்லாததால தானா சறுக்கிச்சு."

"அந்த ரப்பரை மாத்துங்க மாத்துங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்! தலையில கிலையில பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"பாத்தியா சிட்டு? இதுக்குத்தான் யாருக்கும் சொல்லல." அப்பா இடது கையால் மகளின் தலையைத் தடவினார். "தப்பு உன்மேல இல்ல, இயேசப்பா மேலயும் இல்ல. உங்க அப்பனோட வறட்டுத் தைரியம். விளங்குதா?"

சிட்டு அழுகையை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா திட்டு வாங்குவதைப் பார்ப்பதில் அவளுக்கு எப்போதுமே ஒரு தெம்பு. ஆனால் கேள்வி தீரவில்லை.

"ஆனா பேர் போகலல்ல?"

இப்போது அம்மாவின் முறை. அவள் மகளைப் பிடித்து மடியில் இருத்திக்கொண்டாள்.

"நான் அன்னைக்குத் தப்பா சொல்லிட்டேன் சிட்டு. லேப்ல நான் ஏன் பேர் கேக்கிறேன் தெரியுமா? எனக்குத் தெரியாது, அதான். ரத்தத்தைப் பாத்தா அது யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. எல்லாம் ஒரே சிவப்பு. இயேசப்பாவுக்குத் தெரியும். உண்டாக்கினதே அவர்தானே? அவருக்கு எதுக்கு லேபிள்?"

"அவர்கிட்ட ஜன்னல் இல்லையா?"

"கிடையாது. திருப்பி அனுப்பவும் மாட்டார். நீ பாதியில விட்டதும் போகும். நினைச்சுட்டு சொல்லாததும் போகும்."

சிட்டு யோசித்தாள். "எல்லாம் தெரியும்னா அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

அப்பா, மாட்டினாயா என்பதுபோலக் கூரையைப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துல நடந்ததையெல்லாம் சாயங்காலம் வந்து என்கிட்ட சொல்வியே" என்றாள் அம்மா மெதுவாக. "சில நாள் டீச்சர் முன்னாடியே போன் பண்ணிச் சொல்லியிருப்பாங்க. எனக்குத் தெரிஞ்சிருக்கும். இருந்தாலும் நீ வந்து சொல்லணும்னு காத்துட்டிருப்பேன். நீ சொன்னாத்தான் எனக்குப் பிடிக்கும்."

"நான் ஒண்ணு சொல்ல மறந்துட்டா?"

"மறந்துட்டா? உன்னை அடிப்பேனா? இல்ல, உன் பக்கத்துல உட்கார்ற பிள்ளையைப் போய்த் தள்ளிவிடுவேனா?"

சிட்டுவுக்கு அந்தக் காட்சி கண்ணில் வந்திருக்கவேண்டும். அம்மா, இருக்கிறவர்களிலேயே கூச்சக்கார அம்மா, வகுப்பறைக்குள் புகுந்து ஒரு பிள்ளையைத் தள்ளிவிடுகிறாள். மூக்கு வழியாகச் சிரிப்பு பீறிட்டது. "நீயா? நீ வாசல்லயே நின்னுடுவே!"

"அதான் பாரு. நானே பண்ணமாட்டேன். அவர் பண்ணுவாரா?"

சிட்டு அம்மாவின் தோளில் முகத்தை அழுத்தி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சின் சூடு புடவை வழியாகக்கூடத் தெரிந்தது. பிடித்திருந்த கை தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அப்படியே தூங்கியும்விட்டாள். காலை வேளையில் தூங்கும் பிள்ளையே இல்லை அவள். இத்தனை நாள் இரவெல்லாம் என்ன கணக்குப் போட்டுக்கொண்டு விழித்துக் கிடந்தாளோ. அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் ரொட்டி கருகியது. அப்பா ஒரு கையோடு எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ரப்பர் விஷயத்தில் இன்னும் பாக்கியிருந்த திட்டையும் மெல்லிய குரலில் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் பாய் விரித்தார்கள். அம்மா மகளின் பக்கம் திரும்பவே இல்லை. சொன்னால் சொல்லட்டும், சொல்லாவிட்டால் போகட்டும் என்று மனதைத் தயார்செய்து வைத்திருந்தாள். தடியன் முடித்தான்.

பிறகு சிட்டு கேட்டாள். "மனசுக்குள்ளயே சொன்னா போகுமா?"

"போகும்."

"அப்ப நான் உள்ளயே சொல்லிக்கிறேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. நடுவில் ஒருமுறை நின்றது; புருவம் சுருங்கியது; எதையோ மறந்துவிட்டாள் போலிருந்தது. அம்மா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் சிட்டு தோளைக் குலுக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். ஓரிடத்தில் சிரித்தாள். ஓரிடத்தில் தம்பியை நோக்கி விரலை நீட்டி ஏதோ புகார் சொன்னாள். கடைசியில் கண்ணைத் திறந்து, "ஆமென்" என்றாள், சாதாரணமாக.

"என்னடி அவ்வளவு நேரம் பேசினே?" என்றார் அப்பா.

"அது எங்களுக்குள்ள."

யாருக்காக ஜெபித்தாய், என்ன கேட்டாய் என்ற கேள்வி அம்மாவின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவள் அதைக் கேட்கவில்லை. போர்வைக்குள் தான் சொன்னதையெல்லாம் அந்தக் காலத்தில் யாராவது வந்து என்னவென்று விசாரித்திருந்தால், அதன் பிறகு சொல்லியிருப்போமா?

அவள் தன் முறைக்காகக் கண்ணை மூடினாள். வழக்கமாக வரிசைப்படுத்திச் சொல்பவளுக்கு இன்று வரிசையே வரவில்லை. "ஆண்டவரே" என்றாள். அதற்குமேல் ஒன்றும் எழும்பவில்லை. கண்ணீர்தான் வந்தது. அதுவே போதும்போல இருந்தது.

"இரு, இரு" என்றான் தடியன் திடீரென்று. "நானும் உள்ள பண்றேன்."

"உன் முறை முடிஞ்சிடுச்சுடா."

"உள்ள பண்ணல!"

யாரும் தடுப்பதற்குள் கைகளைக் கூப்பி, கண்ணை மூடி, வாயை மூடி, கன்னம் இரண்டையும் பந்துபோல ஊதிக்கொண்டான். உள்ளே பண்ணுவது என்றால் மூச்சை வெளியே விடக்கூடாது என்று எடுத்துக்கொண்டான் போலும். முகம் சிவந்தது. காது சிவந்தது.

"டேய், மூச்சு விடுடா!" என்று சிட்டு அவன் முதுகில் தட்டினாள்.

"ஆமென்!" என்று வெடித்தான் தடியன்.

அப்பா முடிவு ஜெபத்தைத் தொடங்கினார். சிரிப்பு அடங்காததால் மூன்று முறை தொடங்கவேண்டியிருந்தது.